வழித்துணையும் வழிநடத்தலும்: வாழ்க்கைப் பயிற்றுநர் தொழில் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

இலங்கைத் தமிழரின் பேச்சுவழக்கிற் புகையிரதத்தைக் ‘கோச்சி’ என்பது பழைய வழக்கு. 1867ஆம் ஆண்டிற் கண்டிவரை இருப்புப்பாதை வந்துசேர்ந்தது. மலைநாட்டுக் கோப்பியையும் அதன்பின் தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்கிய அவ்வண்டியின் பெயராக ‘கோச்’ என்னும் ஆங்கிலச் சொல் சிங்களத்திலும் தமிழிலும் குடிபுகுந்தது. அதே சொல்லுக்குக் கண்டி நகரத்தார் மற்றொரு பொருளும் அறிவர். 1945ஆம் ஆண்டு முதல் கண்டித் திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் பிரட்பி கேடயத்துக்காக ஆடிவரும் றகர்ப் போட்டியில், மைதானத்தின் எல்லைக்கு வெளியே நின்று தம் அணியை நோக்கிக்கொண்டிருக்கும் பயிற்றுநரும் ‘கோச்’ எனவே அழைக்கப்படுவார். அண்மைக் காலத்தில் இச்சொல் மூன்றாவதொரு பொருளையும் ஏற்றுள்ளது. தொழில், குடும்பம், எதிர்காலம் ஆகியவை பற்றித் தெளிவுபெற விரும்பும் ஒருவரோடு கட்டணம் பெற்று ஒழுங்காக உரையாடித் துணைநிற்பவர் ‘லைஃப் கோச்’ எனப்படுகின்றார். அவரை ஈண்டு வாழ்க்கைப் பயிற்றுநர் எனக் குறித்தல் பொருந்தும்.

இச்சொல்லின் வரலாறு இத்தொழிலின் மையச் சிக்கலையும் புலப்படுத்துகின்றது. ஹங்கேரி நாட்டில் ‘கோச்’ என்றொரு சிற்றூர் உண்டு. அங்குச் செய்யப்பட்ட நான்கு சக்கரப் பயணவண்டி பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பா எங்கும் பரவ, ஊரின் பெயரே வண்டியின் பெயராயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பரீட்சையிற் சித்தியெய்தும்வரை மாணவனைச் சுமந்து செல்லும் தனியாசிரியரை ஒக்ஸ்ஃபோட் மாணவர் இப்பெயரால் வேடிக்கையாகக் குறித்தனர். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அது விளையாட்டுக்குச் சென்றது. வண்டி, ஆசிரியர், பயிற்றுநர் என்ற மூன்றிலும் பொதுவாயமைவது ஒருவரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசேர்த்தலாகும். ஆயினும் மூன்றுக்கும் இடையே ஒரு வேறுபாடு உளது. புகையிரதத்தில் ஏறியவர் போகுமிடத்தைத் தாமே தெரிந்து சீட்டு வாங்குகின்றார். பரீட்சைக்கும் போட்டிக்கும் போகுமிடத்தை வேறெவரோ முன்னரே வகுத்துவிட்டனர். வாழ்க்கைக்குப் போகுமிடத்தைத் தெரிபவர் யார்? பிறரொருவரின் வாழ்வுக்குத் துணைநிற்பதைத் தொழிலாகக் கொண்டவர் எவ்வெல்லைவரை செல்லலாம்? இவ்வினாக்களே இத்தொழிலை அறவியலின் ஆராய்ச்சிக்கு உரியதாக்குகின்றன.

இத்தொழிலின் தோற்றுவாயை விளையாட்டு, உளவியல், வணிகம் என்னும் மூன்று துறைகளிற் காணலாம். அமெரிக்க ரெனிஸ் பயிற்றுநரான திமோதி கால்வே 1974ஆம் ஆண்டில் ஆட்டக்காரனின் அகநிலை பற்றி ஒரு நூலை வெளியிட்டார். ஆட்டக்காரனுக்குத் தடையாவது எதிரே நிற்பவர் மட்டுமல்லர். தன்னையே ஓயாது கண்டித்துக்கொண்டிருக்கும் அவனது மனமும் தடையாகும் என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே கட்டளைகளைக் குறைத்து, ஆட்டக்காரன் தானே கவனித்து அறியுமாறு செய்தலே பயிற்றுநரின் பணி என அவர் கொண்டார். காரோட்டப் பந்தய வீரராயிருந்த ஆங்கிலேயர் ஜோன் விற்மோர் இக்கருத்தை நிறுவனங்களின் முகாமைக்குக் கொண்டுசென்று, 1992இல் அதனை விளக்கி ஒரு நூல் எழுதினார். நிதித் திட்டமிடல் ஆலோசகராயிருந்த அமெரிக்கர் தோமஸ் லெனார்ட் 1990களில் இதற்கெனப் பயிற்சிக் கல்வியொன்றை ஒழுங்குபடுத்தியதோடு, 1995இற் சர்வதேசப் பயிற்றுநர் சம்மேளனத்தையும் நிறுவினார். இவற்றுக்கெல்லாம் அடிப்படையாயமைந்த உளவியற் கருத்தைக் கார்ல் றொஜர்ஸ் 1951இல் வெளியிட்ட நூலிற் காணலாம். உதவி நாடி வருபவரிடமே தம் சிக்கலைத் தீர்க்கும் ஆற்றல் உளது. மதிப்போடும் பரிவோடும் செவிமடுப்பவர் முன்னிலையில் அது வெளிப்படும் என்பது அவர் கொள்கை.

வாழ்க்கைப் பயிற்றுநர் யாவர் என்பதை அவர் யாவரல்லர் என்பதைக் கொண்டு தெளிதல் எளிது. அவர் மருத்துவர் அல்லர். மனநோயைக் கண்டறியவோ மாற்றவோ அவருக்கு உரிமை இல்லை. அவர் உளவள ஆலோசகரும் அல்லர். கடந்தகாலத் துயரின் வேர்களை அகழ்ந்து ஆறுதல் தேடுவது அவர் பணியன்று. தம் துறையில் மூத்தவராய் நின்று, தாம் நடந்த வழியை இளையவருக்குக் காட்டும் வழிகாட்டியிலிருந்தும் அவர் வேறுபடுவார். வழிகாட்டி, தாம் அறிந்ததைக் கூறுவார். பயிற்றுநரோ வந்தவர் அறிந்ததை அவரே கூறும்படி வினவுவார். வந்தவரின் தொழிலைப் பற்றி அவர் ஒன்றும் அறியாதவராகவும் இருக்கலாம். இத்தொழிலின் தனித்தன்மையும், அதனைப் பற்றிய ஐயப்பாடும் இவ்விடத்திலேயே தொடங்குகின்றன.

செயன்முறை பெரும்பாலும் ஓர் ஒழுங்கில் அமையும். முதற் சந்திப்பில் உடன்பாடு செய்துகொள்ளப்படும். எத்தனை சந்திப்புகள், கட்டணம் எவ்வளவு, பேசப்படுவனவற்றின் இரகசியம் எவ்வாறு காக்கப்படும், எவை இவ்வுதவியின் எல்லைக்குப் புறம்பானவை என்பன அதில் தெளிவாக்கப்படும். அதன்பின் ஒரு மணித்தியாலம் அளவிலான சந்திப்புகள் சில மாதங்களுக்குத் தொடரும். விற்மோரின் நூலால் பரவிய முறை நான்கு படிகளைக் கொண்டது. வந்தவர் அடைய விரும்பும் குறிக்கோளை முதலில் வரையறுத்தல், இன்றுள்ள நிலைமையை மிகையும் குறையுமின்றிக் காணல், திறந்துள்ள வழிகளை இயன்றவரை எண்ணுதல், அவற்றுள் ஒன்றை மேற்கொள்ளும் உறுதியை நாள் குறித்துச் சொல்லுதல் என்பன அவை. அடுத்த சந்திப்பு, சொல்லியது செய்யப்பட்டதா என்ற வினாவோடு தொடங்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்து நோக்கலாம். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, மூன்றாம் ஆண்டிற் பயிலும் மாணவி ஒருத்தியைக் கொள்வோமாயின், அவள் முன் இரு பாதைகள் உள்ளன. சிறப்புப் பட்டத்துக்காக மேலும் ஓராண்டு படிக்கலாம். அன்றேல் இவ்வாண்டோடு நிறுத்திக் கொழும்பிற் கிடைக்கும் வேலையை ஏற்கலாம். “வீட்டு நிலைமைக்கு வேலைதான் வேண்டும்” என்கின்றாள். அறிவுரை கூறுபவர் உடனே ஒரு பக்கம் சாய்வார். படிப்பை விடாதே என்பார் ஒருவர். தாயின் கஷ்டத்தைப் பார் என்பார் மற்றொருவர். பயிற்றுநரோ வினவுவார். வீட்டுக்கு மாதந்தோறும் எவ்வளவு தேவை? அதனை யார் சொன்னார்? தாயிடம் நேரிற் கேட்டதுண்டா? வினாக்களுக்கு விடைதேடும்போது, தாய் அவ்வாறு கேட்கவேயில்லை என்பதும், கொழுந்து பறிக்கும் தாயின் கைகளைக் கண்ட மகள் தானாகவே அம்முடிவுக்கு வந்தாள் என்பதும் வெளிப்படலாம். அதன்பின் வழிகள் எண்ணப்படும். மகாபொல உதவித்தொகை, வார இறுதியிற் கண்டியிற் பிரத்தியேக வகுப்பு நடத்துதல், வேலையை ஏற்றுப் பின்னர் படிப்பைத் தொடர்தல் முதலியன ஒன்றன்பின் ஒன்றாக மேசைக்கு வரும். இறுதியில் அவள், “சனிக்கிழமை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்பேன், திங்கட்கிழமை விரிவுரையாளரைக் காண்பேன்” என்று உறுதி கூறுவாள். எப்பாதையை அவள் தெரிகின்றாள் என்பது பயிற்றுநரின் வெற்றியுமன்று, தோல்வியுமன்று. அச்சத்தினால் எடுத்த முடிவு ஆராய்ந்து எடுத்த முடிவாக மாறியதே ஈண்டு நிகழ்ந்த மாற்றம்.

இம்முறை பயன் தருவதற்குரிய காரணங்கள் விளங்கிக்கொள்ள அரியனவல்ல. மனத்துள் சுழன்றுகொண்டிருக்கும் எண்ணம் வாய்விட்டுச் சொல்லப்படும்போது வடிவம் பெறுகின்றது. வடிவம் பெற்றதனை ஆராயலாம். பிறர் விதித்த முடிவைவிடத் தாமே எடுத்த முடிவை மக்கள் உறுதியாகப் பற்றி நிற்பர். ஒருவரிடம் நாள் குறித்துச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற மனம் முயலும். நிறுவனச் சூழலில் நிகழும் பயிற்றுநர் பணி பற்றிய ஆய்வுகளைத் திரட்டி நெதர்லாந்து ஆய்வாளர் மூவர் 2014இல் வெளியிட்ட தொகுப்பாய்வும், தொழிற்றிறன், மனநலம், குறிக்கோளை நோக்கித் தம்மை ஒழுங்குபடுத்தும் ஆற்றல் முதலியவற்றில் நற்பயன் இருப்பதாகவே கண்டது. ஆகவே இதனை வெறும் மேனாட்டு மோகம் எனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. பயன் உண்டு என ஏற்றுக்கொண்ட பின்னரே அறவியல் வினாக்கள் வலுப்பெறுகின்றன.

முதல் வினா, நடுநிலை பற்றியது. தாம் எதனையும் திணிப்பதில்லை, வினவுவது மட்டுமே தம் தொழில் எனப் பயிற்றுநர் கூறுவர். ஆயின் வினாவும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கக்கூடும். “உமக்கு வேண்டுவது யாது?” என்ற வினாவை எடுத்துக்கொள்ளலாம். ஒருவரது விருப்பமே அவரது வாழ்வின் இறுதி நீதிமன்றம் என்ற கருத்து அவ்வினாவினுள் ஒளிந்திருக்கின்றது. மேற்கூறிய மாணவிக்குத் தாயின் உழைப்பும் தம்பியின் படிப்பும் தன் விருப்பத்துக்கு வெளியே நிற்கும் தடைகள் அல்ல. அவை அவளது வாழ்வின் பகுதிகள். ‘உமக்கு வேண்டுவது யாது’ என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர், ஒன்றும் சொல்லாமலே, கடமையைச் சுமையாக எண்ண அவளைப் பழக்கிவிடக்கூடும். ‘நீர் யாருக்குக் கடமைப்பட்டுள்ளீர்’ என்று மட்டுமே கேட்பவர் அதற்கு எதிர்த்திசையில் அவளைத் தள்ளிவிடக்கூடும். இரண்டு வினாவும் வேண்டும். எவ்வினாவைத் தாம் கேட்காது விடுகின்றார் என்பதை அறிந்திருத்தலே பயிற்றுநரின் முதற்கடமை.

தமிழர் சிந்தனை மரபில் இவ்விடத்தில் மாறுபட்ட ஒரு குரல் ஒலிக்கின்றது. திருக்குறளின் நாற்பத்தைந்தாம் அதிகாரம் பெரியாரைத் துணைக்கோடல் பற்றியது. அங்கே துணையாக வேண்டப்படுபவர் வினவுவதோடு நில்லார். தவறு கண்டவிடத்து இடித்துரைப்பார். நட்புப் பற்றிய அதிகாரங்களிலும் மகிழ்வித்தலைவிடத் திருத்துதலே உயர்ந்ததாகப் போற்றப்படும். அவ்வளவில் நோக்கின், தீர்ப்புக் கூறாதிருத்தலைத் தம் நெறியாகக் கொண்ட பயிற்றுநர், துணை என்பதன் பாதியையே தருகின்றார் எனலாம். ஆயினும் இடித்துரைக்கும் உரிமை, நெடுநாட் பழக்கத்தாலும் நம்பிக்கையாலும் வருவது. ஆறு சந்திப்புகளுக்குக் கட்டணம் பெற்ற ஒருவருக்கு அது கிட்டுவதில்லை. மறுபுறம், இதே மரபின் மாபெரும் வழித்துணைவனாகிய தேர்ப்பாகன் ஒருவனும் நினைவுக்கு வருகின்றான். பகவத்கீதையிற் கண்ணன் அருச்சுனனுக்கு நீண்ட உபதேசம் செய்கின்றான். வினவுதலோடு அமையாது போதிக்கவும் செய்கின்றான். ஆயினும் முடிவில், கூறியவற்றை முழுதும் ஆராய்ந்து விரும்பியவாறு செய் என முடிவை அருச்சுனனிடமே விட்டுவிடுகின்றான். உபதேசித்தவன் இறைவனாயினும் தெரிவு மனிதனுடையதாகவே இருக்கின்றது. அறிவுரை கூறினாரா, கூறாது விட்டாரா என்பதைவிட, இறுதித் தெரிவை உரியவரிடம் விட்டாரா என்பதே அளவுகோல் என்பது இதனாற் புலனாகும்.

இரண்டாம் வினா, பணம் பற்றியது. பண்டைக் கிரேக்கத்தில் இவ்வினா எழுந்தது. புறொத்தகோறஸ் முதலிய சோபிஸ்டுகள் வாழும் நெறியைக் கட்டணத்துக்குக் கற்பித்தனர். வினாவால் உண்மையைப் பிறப்பித்த சோக்கிரதீஸ் எவரிடமும் ஊதியம் பெற்றிலர். இலங்கையின் பௌத்த மரபிலும் இதற்கொரு விடை உளது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையிற் புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம், தியானப் பொருளை அளிக்கும் ஆசானைக் ‘கல்யாணமித்தன்’, அதாவது நல்ல நண்பன், என்றே குறிக்கின்றது. நாடி வந்தவரின் இயல்பு அறுவகையுள் எவ்வகையினது என அறிந்து, அவ்வியல்புக்கேற்பவே அவர் வழிகாட்டுவார். இந்நூலையும் இக்கருத்தையும் உலகறியச் செய்ததில் கண்டி நகருக்குப் பெரும்பங்கு உண்டு. ஜெர்மனியிற் பிறந்து, உடவத்தகலை வனத்தில் வாழ்ந்த ஞானபொனிக தேரரும் நண்பர் இருவரும் 1958இற் கண்டியில் நிறுவிய பௌத்த வெளியீட்டுச் சங்கம் இத்தகைய நூல்களைப் பல நாடுகளுக்கும் அனுப்பிவந்துள்ளது. இம்மரபில் நல்ல நண்பன் விலைக்குக் கிடைப்பவன் அல்லன்.

ஊதியமில்லாச் செவிமடுத்தல் பழைய ஏடுகளில் மட்டும் உள்ளதன்று. துயருற்றோருக்குத் தோழமை தருவதற்காக 1974இல் இலங்கையில் தொடங்கப்பட்ட சுமித்திரயோ அமைப்பு, கண்டி உட்படப் பல நகரங்களில் நிலையங்களைக் கொண்டது. அங்குப் பணிபுரிவோர் பயிற்சி பெற்ற தொண்டர்கள். அவர்களும் இரகசியம் காப்பர், தீர்ப்புக் கூறார், முடிவை வந்தவரிடமே விடுவர். கட்டணம் பெறார். எனின், அதே செவிமடுத்தலுக்கு விலை கேட்பது முறையா? இதற்கு விரைந்து விடையிறுத்தல் தவறாகும். மருத்துவரும் ஆசிரியரும் ஊதியம் பெறுகின்றனர்; அதனால் அவர்தம் தொழில் இழிந்ததாவதில்லை. ஊதியம் ஒருவகையிற் பயன்தருவதுமாகும். உறவினரிடம் உதவி பெற்றவர் காலமெல்லாம் கடன்பட்டவராக உணர்வர். கட்டணம் செலுத்தியவர் கணக்கு முடித்து விடுதலையாகச் செல்லலாம். தீமை விளைவது, பயிற்றுநரின் வருவாய் வந்தவரின் தெளிவோடன்றி அவரது தொடர்ந்த தேவையோடு பிணைக்கப்படும்போதாகும். வந்தவர் விரைவிலே தாமாக நடக்கத் தொடங்கினால் பயிற்றுநருக்கு வருமானம் குறையும். இம்முரண்பாட்டை ஒப்புக்கொண்டு, உறவின் முடிவுநாளைத் தொடக்கத்திலேயே வரையறுப்பவரே நேர்மையாளர்.

மூன்றாம் வினா இதனிலும் கூர்மையானது. பணம் தருபவர் வேறு, பயிற்சி பெறுபவர் வேறு ஆயின், பயிற்றுநர் யாருக்கு உரியவர்? இன்று நிறுவனங்கள் தம் ஊழியருக்கெனப் பயிற்றுநரை அமர்த்துவது பெருவழக்கு. ஊழியர் மனந்திறந்து கூறியது மேலாளரின் செவிக்குச் செல்லுமா என்ற ஐயம் அங்கே இயல்பாக எழும். சர்வதேசச் சம்மேளனத்தின் ஒழுக்கக் கோவை, பணம் தருபவரையும் பயிற்சி பெறுபவரையும் வேறுபடுத்தி, எத்தகவல் யாரோடு பகிரப்படும் என்பதை முன்கூட்டியே தெளிவாக்க வேண்டுமென விதிப்பது இதனாலேயே. கண்டி மலைகளின் வரலாற்றை அறிந்தோர்க்கு இவ்வையம் புதிதன்று. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிடுமுன்பே, கோப்பிக் காலத்திலேயே, தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர் கங்காணி. அவர் பெரும்பாலும் அதே ஊரினர், பலருக்கு உறவினர். முற்பணம் கொடுத்தவரும், வழக்குத் தீர்த்தவரும், துரையிடம் பேசியவரும் அவரே. தொழிலாளர் அவரைத் தம் துணையென நம்பினர். ஆயின் வேலைக்கு இறங்கிய ஆட்களின் எண்ணிக்கையைக் கொண்டு அவருக்குக் காசு கொடுத்தது தோட்ட நிருவாகம். உறவின் மொழி பேசியவர், கூலியின் கணக்குக்குக் கட்டுப்பட்டிருந்தார். தொழிலாளரைக் கடனாற் பிணைத்த ‘துண்டு’ முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை நீடித்தது. பயிற்றுநரைக் கங்காணிக்கு நிகராக்குதல் ஈண்டு நோக்கமன்று. பரிவு உண்மையானதாக இருப்பினும், அது யாருடைய கணக்கில் எழுதப்படுகின்றது என்பதைக் கேட்காத சமூகம் ஏமாறும் என்பதற்கே அவ்வரலாறு சான்றாகின்றது.

நான்காம் வினாவே அனைத்திலும் அடிப்படையானது. உம் வாழ்வு உம் கையில் என்பது இத்தொழிலின் தாரக மந்திரம். அது எவ்வளவு உண்மை? மேற்கூறிய மாணவியை மீண்டும் நோக்குதல் வேண்டும். தாயிடம் கேட்கத் தயங்கியது அவளது அச்சம். அதனை வினாவினாற் கலைக்கலாம். ஆயின் அவள் படித்த பாடசாலையிற் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லாதிருந்து, அதனாலேயே கலைப்பிரிவை அவள் தெரிய நேர்ந்திருப்பின், “உம்முள் எது உம்மைத் தடுத்தது?” என்ற வினா அவளுக்கு இழைக்கும் அநீதியாகும். தடுத்தது அவளுள் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் பெரும்பகுதியினரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களைக் கேளாமலே, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடே தீர்வை எட்டியது. இக்காலம் முழுவதும் லயத்துக் காம்பராவில் வாழ்ந்த ஒருவரிடம் குறிக்கோள் உண்டா, உறுதி உண்டா என வினவியிருப்பின், இரண்டும் உண்டு என்றே அவர் கூறியிருப்பார். அவரிடம் இல்லாதிருந்தது குடியுரிமையும் வாக்குரிமையுமே.

திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரத்தையும், ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரத்தையும் தருகின்றது. மனித முயற்சிக்குப் புறத்தே நிற்பதொன்று உண்டு என்பதையும், அதனோடு பொருதும் முயற்சியின் மாண்பையும் ஒருசேர ஏற்கும் நோக்கு அது. ஆனால் இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவதொன்றும் உளது. மனிதர் இயற்றிய சட்டம் ஊழ் அன்று. அதனால் தடையுண்டவரின் சோம்பலும் அன்று. அதனை ஊழ் என்பவர் மக்களைச் செயலிழக்கச் செய்வர். தனியொருவரின் மனத்தடை என்பவர் அவரைக் குற்றவாளியாக்குவர். மனிதர் இயற்றியதை மனிதர் கூடியே மாற்றல் வேண்டும். 1972இற் கண்டியில் அருட்தந்தை போல் கஸ்பேர்ஸ் தொடங்கிய சத்தியோதய நிலையம், இனத்தாலும் வர்க்கத்தாலும் பிரிந்து நின்றோரை ஒருங்கே சந்திக்க வைத்து, தோட்ட மக்களின் நிலையைப் பொது வினாவாக எழுப்பியது. ஒருவர் மற்றொருவரிடம் தனியறையிற் கேட்கும் வினாவால் ஆகாதது, பலர் கூடிய அவையில் எழும் வினாவால் ஆகக்கூடும். வாழ்க்கைப் பயிற்றுநர் அவ்வவையை நடத்த வேண்டியதில்லை. ஆனால் தம் அறைக்கு வெளியே அப்படியோர் அவை தேவைப்படுகின்றது என்பதை அவர் மறைத்தலாகாது. “இத்தடை உம்முடையதா, உம்மைப் போன்றோர் அனைவருடையதுமா?” என்ற வினாவும் அவரது வினாக்களுள் ஒன்றாதல் வேண்டும்.

இவற்றோடு, தகுதி பற்றிய சிக்கலும் சேர்கின்றது. இலங்கையில் மருத்துவராகப் பணிபுரியப் பதிவு வேண்டும். வழக்கறிஞராக நிற்க உயர்நீதிமன்றத்திற் பதிவு வேண்டும். வாழ்க்கைப் பயிற்றுநர் எனப் பெயர்ப்பலகை இட அத்தகைய தடை உலகின் பெரும்பாலான நாடுகளில் இல்லை. சர்வதேசச் சம்மேளனம் தன் மூன்று படித்தரங்களுக்கு முறையே 100, 500, 2500 மணித்தியாலப் பணி அனுபவத்தை வேண்டுகின்றது. ஆயினும் அச்சான்றிதழைப் பெறுவது அவரவர் விருப்பத்தைப் பொறுத்தது. சான்றிதழால் ஒழுக்கம் பிறக்காது என்பது உண்மையே. ஆனால் மனநோயின் அறிகுறியைக் கண்டும் அதனைச் சோர்வு எனத் தவறாகக் கொண்டு, மருத்துவரிடம் அனுப்பாது குறிக்கோள்களை வகுத்துக்கொண்டிருக்கும் ஒருவரால் உயிருக்கே கேடு விளையலாம். தம் அறியாமையின் எல்லையை அறிந்திருத்தல் எத்தொழிலுக்கும் அறம். பிறர் வாழ்வைத் தொடும் தொழிலுக்கு அது தலையாய அறம்.

பல்கலைக்கழகச் சமூகம் இவ்வினாக்களைத் தனக்கு அயலானவை எனக் கருதலாகாது. 1952இல் பேராதனையில் விடுதிப் பல்கலைக்கழகம் எழுந்தபோது, மாணவரும் ஆசிரியரும் ஒரே சூழலில் வாழ்ந்து ஒருவரை ஒருவர் அறிதல் கல்வியின் பகுதியென எண்ணப்பட்டது. விரிவுரையாளரே மாணவர் ஆலோசகராகப் பணிபுரியும் வழக்கு நாட்டின் பல்கலைக்கழகங்களில் இன்றும் உண்டு. அவ்வறைக் கதவைத் தட்டும் மாணவர் பலர் பாடத்தில் ஐயம் கேட்பதுபோற் தொடங்கி, வாழ்வில் ஐயம் கேட்டு முடிப்பர். அப்போது விடையை முந்திக்கொண்டு சொல்லாதிருத்தல், மாணவர் சொல்லாது விட்டதைச் செவிமடுத்தல், முடிவை அவரிடமே விடுதல் ஆகியவற்றைத் தொழில்முறைப் பயிற்றுநரிடமிருந்து ஆசிரியர் கற்கலாம். நெடுநாள் உறவால் வரும் பொறுப்பையும், வேண்டியவிடத்து இடித்துரைக்கும் துணிவையும் பயிற்றுநர் ஆசிரியரிடமிருந்து கற்கலாம்.

ஆகவே வாழ்க்கைப் பயிற்றுநர் தொழிலை முற்றாக ஏற்பதும் முற்றாக மறுப்பதும் பொருந்தா. வாழ்பவரிடம் தெரிவை விட்டு, தம் ஊதியம் யாரிடமிருந்து வருகின்றது என்பதை மறைக்காது, தம் அறிவின் எல்லையை ஒப்புக்கொண்டு, தனியொருவரின் தடையையும் சமூகம் இட்ட தடையையும் பிரித்தறியும்வரை அத்தொழில் மனித மாண்புக்குத் துணையாகும். இவற்றுள் ஒன்று தவறினும், துணை என்ற பெயரில் அது மேய்ப்பாகிவிடும். கண்டிக்கு ஏறிவரும் கோச்சி கடுகண்ணாவைச் சரிவில் மெல்லவே ஊர்கின்றது. ஏறியவர் எவராயினும் தாம் இறங்கவேண்டிய இடத்தை அறிந்திருப்பர். வண்டி அவரை அங்கு விட்டுவிட்டுத் தன் வழியே போகும். பயணியை இறங்கவிடாத வண்டியை எவரும் நல்ல வண்டி என்னார். வாழ்க்கைப் பயிற்றுநரின் பணியும் அங்ஙனமே மதிப்பிடப்படுதல் தகும்.